ஒன்பது நாள் இணையம் இல்லாத வீடும் சந்தியிலுள்ள கொமினிக்கேசனும்

கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய் இரவு வீசிய காற்றில் எங்கள் ஒழுங்கை முகப்பில் நிற்கும் வேம்பின் பெரிய கொப்பு முறிந்து விழுந்தது. மின்கம்பி தப்பியது, அதற்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த, இணையம் வரும் பைபர் கம்பி அறுந்தது. வீட்டுக்குள் வெளிச்சம் இருந்தது, மின்விசிறி சுழன்றது, றவுட்டரில் மட்டும் எல்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கும் சிறு விளக்கு சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. அந்த விளக்கு சிவந்தால் கண்ணாடியிழை வழியே வரவேண்டிய ஒளி வீட்டை வந்தடையவில்லை என்று பொருள். றவுட்டரை எத்தனை தரம் நிறுத்திப் போட்டாலும் அது மாறாது. இணைப்பு வழங்கும் நிறுவனத்துக்கு அழைத்தபோது முறைப்பாட்டு இலக்கம் ஒன்றைத் தந்து, மூன்று நாட்களுக்குள் ஆள் வரும் என்றார்கள். ஆள் வந்தது ஒன்பதாம் நாள். அந்த ஒன்பது நாட்களும் எங்கள் வீட்டின் அலுவல்களைத் தாங்கியது, கிளிநொச்சி நகருக்குத் தெற்கே ஏ9 வீதியோரச் சந்தியொன்றில் இருக்கும் சிறிய கொமினிக்கேசன், அதாவது கணினி, இணையம், பிறின்ற், போட்டோப்பிரதி எல்லாம் கிடைக்கும் கடை. பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்த்துவிட்டு, அங்கு கிடைக்கும் சேவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இணையம் பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று. பிரான்சிலும் சுவிசிலும் இருக்கும் பதினொரு பிள்ளைகளுக்கு நான் சூம் வழியாகத் தமிழ் படிப்பிக்கிறேன். வீட்டு வருமானத்தில் ஏறத்தாழப் பாதி அதில்தான் வருகிறது. மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறாள். அவளுடைய இரசாயனவியல் ஆசிரியர் குறிப்புகளையும் கடந்தகால வினாத்தாள்களையும் வட்ஸ்அப்பிலேயே அனுப்புகிறார். மாமிக்கு எழுபத்தெட்டு வயது. அவருடைய இளைய மகன் பாரிஸ் புறநகரான லா கூர்னேவில் இருக்கிறார். ஒவ்வொரு நாள் மாலையும் மகனின் முகத்தைப் பார்த்துப் பேசிய பிறகுதான் மாமி இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருவார்.

முதலில் கைத்தொலைபேசித் தரவைக் கொண்டு சமாளிக்கலாம் என்று எண்ணினோம். வீட்டுக் கூரை தகரம். அதற்குக் கீழே கைத்தொலைபேசியில் ஒரு கோடு தெரிந்தால் அதிகம். கிணற்றடிக்குப் போனால் மூன்று கோடுகள் தெரியும். மகள் குடையைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக் கட்டில் இருந்து வினாத்தாள்களை இறக்கிக்கொண்டு ஓடிவருவாள். அந்த அளவுக்கு அது உதவியது. ஆனால் முகம் காட்டி நடத்தும் ஒரு மணிநேர வகுப்புக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைற் தேவைப்படும். நான் போட்டிருந்த பக்கேஜில் பெரும்பங்கு நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பயன்படுத்தக்கூடிய இரவுத் தரவு என்பதை, பகல் தரவு முடிந்துவிட்டது என்ற குறுஞ்செய்தி வந்தபோதுதான் கவனித்தேன். ரீலோட் போடுகிறவர்கள் மொத்த அளவை மட்டும் பார்க்காமல், அதில் எந்நேரமும் பயன்படுத்தக்கூடியது எவ்வளவு என்பதைக் கேட்டுப் போடுவது நல்லது.

புதன்கிழமை பின்னேரம் நான் அந்தக் கடைக்குப் போனதற்குக் காரணம் வகுப்பு. பிரான்சில் ஆரம்பப் பாடசாலைகள் பலவற்றில் புதன் பிற்பகல் படிப்பு இல்லை என்பதால், அங்கே பிற்பகல் இரண்டு மணி, இங்கே மாலை ஆறரை, என் வகுப்பு நேரம். மழைக்காலத்தில் அந்த நேரத்தில் நன்றாக இருட்டிவிடும். கடையை ஏழு மணிக்குப் பூட்டுவார்கள் என்று பலகையில் எழுதியிருந்தது. நிலைமையைச் சொன்னேன். கடையை நடத்தும் இளைஞர், "ரீச்சர், நீங்கள் படிப்பியுங்கோ, நான் கணக்குப் பார்க்க எப்படியும் இருப்பன்" என்று சொல்லிவிட்டு, சுவரோரமாக இருந்த கடைசிக் கணினியை எனக்காக ஒதுக்கித் தந்தார். வகுப்பு முடிய ஏழு நாற்பது ஆனது. நாற்பது நிமிடங்கள் மேலதிகமாகக் கடையைத் திறந்து வைத்ததற்கு அவர் ஒரு ரூபாயும் கூட்டிக் கேட்கவில்லை.

கடை நீளத்தில் பதினைந்து அடியும் அகலத்தில் பத்தடியும் இருக்கும். வாசலோடு போட்டோப்பிரதி இயந்திரம், அதற்குப் பக்கத்தில் லமினேற் பண்ணும் இயந்திரம், கண்ணாடி அலுமாரிக்குள் கொப்பிகளும் பேனாக்களும் கடவுச்சீட்டு அளவுப் புகைப்படங்களுக்கான தாள்களும். உள்ளே நான்கு கணினிகள். காத்திருப்பவர்களுக்கு ஒரு வாங்கு. பார்வைக்கு வன்னியின் எந்தச் சந்தியிலும் காணக்கூடிய கடைதான். இதை நான் மற்றவற்றிலிருந்து பிரித்துச் சொல்வதற்கு முதற்காரணம், இந்தக் கடையில் இணையத்துக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று வீதியோரமாக வரும் பைபர். மற்றது வேறொரு நிறுவனத்தின் 4ஜி றவுட்டர். அந்த 4ஜி றவுட்டருக்குக் கூரைக்கு மேல் இரும்புக் குழாயில் அன்ரனா பொருத்தி, கைத்தொலைபேசிக் கோபுரம் இருக்கும் திசைக்குத் திருப்பி வைத்திருக்கிறார்கள். கம்பி அறுந்தால் காற்று வழி இருக்கும். கோபுரம் படுத்துவிட்டால் கம்பி இருக்கும். இரண்டும் ஒரே நிறுவனத்துடையதாக இருந்தால், அந்த நிறுவனத்தின் பிரதான வழியில் ஏற்படும் ஒரே கோளாறு இரண்டையும் வீழ்த்திவிடக்கூடும் என்பதால் வேண்டுமென்றே வெவ்வேறாக எடுத்ததாக அவர் விளக்கினார். வீட்டில் இணையத்தை நம்பி உழைக்கிற எவரும் இந்த ஏற்பாட்டை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்.

மின்சாரத்துக்கும் இப்படியொரு முன்னேற்பாடு உண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நீண்ட காலத்தில் வாங்கிய இன்வேற்றரும் பெரிய பற்றறியும் இன்றும் மேசைக்கடியில் இருக்கின்றன. சனிக்கிழமை வகுப்பின் நடுவே மின்சாரம் நின்றபோது போட்டோப்பிரதி இயந்திரம் மட்டும் ஓய்ந்தது. அதற்குத் தேவையான வலுவைப் பற்றறி தாங்காது. கணினித் திரையும் றவுட்டர்களும் அசையவில்லை. மறுமுனையில் இருந்த பிள்ளைகளுக்கு இங்கே மின்சாரம் நின்றதே தெரியாது. நாங்கள் "அணில், ஆடு, இலை, ஈ" என்று சொற்களை வாசித்துக்கொண்டே போனோம்.

மாமியைக் கூட்டிச் சென்றது வியாழக்கிழமை. இரண்டு நாட்களாக மகனின் முகத்தைக் காணாமல் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கைத்தொலைபேசியில் குரலைக் கேட்கச் செய்தோம். அது அவருக்குப் போதவில்லை. கடைக்கு வரும்போது கையில் ஒரு தாளை மடித்து வைத்திருந்தார். சொல்ல வேண்டிய விடயங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பென்சிலால் எழுதியிருந்தார். கணினித் திரையில் மகன் தெரிந்ததும், நலம் விசாரிக்கக்கூட நிற்காமல் தாளைப் பார்த்துப் படபடவென்று வாசிக்கத் தொடங்கினார். அவர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. அந்த இளைஞருக்கு விளங்கிவிட்டது. அவருடைய தகப்பனார் போர்நிறுத்தம் இருந்த சமாதான காலத்தில் இதே சந்தியில் தொலைபேசி அழைப்பு எடுத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தவராம். அக்காலக் கொமினிக்கேசன்களில் வெளிநாட்டு அழைப்புக்கு நிமிடக் கணக்கு. பேசுகிறவரின் கண்ணுக்கு முன்னால் மீற்றரில் இலக்கம் ஏறிக்கொண்டே போகும். அந்த இளைஞர் கிட்டவந்து குனிந்து, "ஆச்சி, இப்ப மீற்றர் ஓடாது, ஆறுதலாக் கதையுங்கோ" என்றார். மாமி தாளை மடித்து மடியில் வைத்துவிட்டு, மருமகளின் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அதன் பிறகு நாற்பது நிமிடங்கள் பேசினார்கள்.

போர்க்காலத்தில் மாமி வன்னிக்குள் இருந்தபோது, வெளியில் இருந்த பிள்ளைகளின் சேதி செஞ்சிலுவைக் குழுவின் செய்திப் படிவங்களில் வந்திருக்கிறது. குடும்பச் செய்தியை மட்டும் எழுதலாம், உறையில் போட்டு ஒட்டாமல் திறந்தபடி கொடுக்க வேண்டும், பதில் வர மாதங்கள் செல்லும். அந்தப் படிவங்களில் இரண்டை அவர் இன்னும் தகரப்பெட்டிக்குள் வைத்திருக்கிறார். இரண்டு நாள் தொடர்பு அறுந்தால் அவர் ஏன் கலங்கிப்போகிறார் என்பதை எங்கள் வீட்டுச் சிறியவர்களுக்கு நான் இதைக் கொண்டுதான் விளங்கப்படுத்தினேன்.

இனிக் குறைகளைச் சொல்ல வேண்டும். அவற்றுள் ஒன்று பாரதூரமானது. மூன்றாம் நாள் நான் இருந்த கணினியின் முகப்புத் திரையிலேயே ஒரு கோவை திறந்து கிடந்தது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட அடையாள அட்டைப் பிரதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கங்களும் இருந்தன. விண்ணப்பம் நிரப்பவும் பிறின்ற் எடுக்கவும் வந்தவர்கள் கடையின் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பியவையும் அங்கே ஸ்கான் செய்தவையும் அழிக்கப்படாமல் சேர்ந்துபோயிருந்தன. யாரும் கெட்ட எண்ணத்தோடு சேர்த்தவையல்ல. ஆயினும் 2016 முதல் வழங்கப்படும் புதிய அடையாள அட்டையின் இலக்கத்தில் பன்னிரண்டு தானங்கள் இருக்கின்றன: முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைக் காட்டும், பெண்ணாயின் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே இலக்கத்தை மட்டும் பார்த்தே ஒருவரின் பிறந்த திகதியையும் அவர் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடலாம். கூடவே முகவரியும் வங்கிக் கணக்கும் கிடைத்தால் அந்தப் பெயரில் என்னென்னவோ செய்யலாம். கணவரை இழந்து தனித்து வாழும் பெண்கள் பலர் இருக்கும் பிரதேசம் இது. அவர்களுடைய ஆவணங்கள் யார் வந்தாலும் பார்க்கும்படி திறந்து கிடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்றே அந்த இளைஞரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது, பேசாமல் கேட்டார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதையும் சொன்னேன். அவர் சட்டத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "என்ர அம்மான்ர ஐசியும் அதுக்குள்ள கிடக்கும் ரீச்சர்" என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் போனபோது அந்தக் கோவை இல்லை. கடை பூட்டும்போது நான்கு கணினிகளிலும் தரவிறக்கிய கோப்புகளையும் குப்பைத்தொட்டியையும் காலி செய்வது என்று ஒரு தாளில் எழுதி, பணப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருந்தார். ஒன்பதாம் நாள் வரை அது நடந்ததை நான் கண்டேன். ஆனாலும் கடையின் வட்ஸ்அப்பில் வந்துசேரும் படங்கள் அந்தக் கைத்தொலைபேசியில் தங்குகின்றன. அதையும் ஒழுங்காக அழிக்க ஒரு வழக்கம் வர வேண்டும். பாவிப்பவர்களும் முடிந்தவரை பென்டிரைவில் கொண்டுபோய், பிறின்ற் எடுத்ததும் கழற்றிக்கொண்டு வருவது பாதுகாப்பானது.

இதனோடு சேர்ந்த இன்னொன்று. வயதான ஐயா ஒருவர் பேரப்பிள்ளையின் படத்தைப் பிறின்ற் எடுப்பதற்காகத் தன் வட்ஸ்அப்பைக் கணினியில் இணைத்துவிட்டு, படம் கைக்கு வந்த மகிழ்ச்சியில் அப்படியே எழுந்து போய்விட்டார். அவருக்குப் பிறகு அதே கதிரையில் நான் இருந்தபோது, அவருடைய குடும்பத்தின் பேச்சு முழுவதும் என் கண்முன்னே வந்துகொண்டிருந்தது. கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் தொடர்பு அறுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அறாது, கைத்தொலைபேசியை அணைத்தாலும் கணினியில் அது தொடர்ந்து திறந்திருக்கும். கைத்தொலைபேசியில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்துக்குப் போய், அந்தக் கணினியை நீக்கிவிட வேண்டும். நான் கணினியிலேயே வெளியேற்றிவிட்டேன். இப்போது அந்த இளைஞர் ஒவ்வொருவரும் எழும்பும்போது திரையை ஒருமுறை எட்டிப் பார்க்கிறார்.

கட்டணத்தில் எனக்குக் குறையில்லை. கணினி ஒரு மணிநேரத்துக்கு நூறு ரூபாய், கறுப்பு வெள்ளைப் பிறின்ற் ஒரு பக்கம் இருபது, போட்டோப்பிரதி பத்து. ஒன்பது நாட்களில் வகுப்பு, மகளின் வினாத்தாள்கள், மாமியின் அழைப்புகள் எல்லாமாக எனக்கு இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் முடிந்தது. பற்றுச்சீட்டு கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள். கேளாமலே தர வேண்டும். விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டு, ஆனால் அதைப் பலகையில் போடவில்லை. அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கான மேன்முறையீட்டுக்கு வந்த ஒரு அம்மாவிடம் பணம் வாங்காமல் விட்டதையும், அடுத்து வந்தவரிடம் இருநூறு ரூபாய் வாங்கியதையும் கண்டேன். மனிதாபிமானத்தால் செய்வது என்பது எனக்குத் தெரியும்; ஆனாலும் வாங்கில் காத்திருப்பவர்களுக்கு அது தெரியாது.

அந்தக் கடையின் சிறப்பு வேறோர் இடத்திலும் வெளிப்படுகிறது. வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் இணையம் வேண்டும் என்று கேட்டு வருவதில்லை. கையில் ஒரு கடிதத்தோடு வருகிறார்கள். பிரதேச செயலகத்திலிருந்தோ வங்கியிலிருந்தோ சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்த கடிதம். அதை வாசித்து, என்ன கேட்டிருக்கிறார்கள், எந்தத் திகதிக்குள் பதில் போட வேண்டும், கிராம சேவையாளரிடம் எந்தச் சான்று எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதிலேயே அந்த இளைஞரின் முற்பகல் கழிகிறது. கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, இறுதித் திகதியை மேல் மூலையில் பென்சிலால் வட்டமிட்டுக் கொடுக்கிறார். வீட்டில் எவ்வளவு வேகமான பைபர் இருந்தாலும் இந்தச் சேவை அதில் வராது. பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாட்களில் இரவு வரை திறந்திருப்பார்களாம். சுட்டிலக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, பெறுபேறு நன்றாக இல்லாத பிள்ளையின் திரையைப் பிறர் பார்க்காதபடி தன் பக்கம் திருப்பிக்கொள்வது தகப்பனார் காலத்து வழக்கம் என்றார்.

சத்தம் பெரிய தொல்லை. போட்டோப்பிரதி இயந்திரம் ஓடும்போது ஒலிவாங்கி அதையே முதலில் பிடிக்கிறது. முதல் வகுப்பில் பிள்ளைகள் இரண்டு தரம் "ரீச்சர், மழையா?" என்று கேட்டார்கள். ஒலிவாங்கியோடு சேர்ந்த காதுக்கருவியை வீட்டிலிருந்து கொண்டுபோன பிறகு அது தீர்ந்தது; கடையில் ஒன்று இருந்தால் நல்லது. மூன்றாம் கணினியின் கமெரா வேலை செய்வதில்லை. பெண்கள் பாவிக்கக்கூடிய மலசலகூடம் இல்லை, பக்கத்துத் தேநீர்க் கடையில்தான் கேட்க வேண்டும். பிரதேச செயலகத்துக்கென்று உட்கிராமங்களிலிருந்து காலையிலேயே பஸ்ஸேறி வருகிற பெண்களுக்கு இது பெரும் இடைஞ்சல்.

ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை மதியம் திருத்துநர் வந்தார். மழைநீர் ஒழுகும் கம்பத்தில் ஏறி, அறுந்த கம்பியை இறக்கி, மேலுறைகளை ஒவ்வொன்றாக உரித்தபோது உள்ளே இருந்தது ஒரு மில்லிமீற்றரின் எட்டிலொரு பங்கு தடிப்புள்ள கண்ணாடியிழை. அதன் முனையை மதுசாரத்தில் நனைத்த துணியால் துடைத்து, நேராக வெட்டி, இரு முனைகளையும் சிறு பெட்டி போன்ற இயந்திரத்துக்குள் எதிரெதிராக வைத்து மூடினார். சிறு திரையில் இரண்டு இழைகளும் நெருங்கி வந்தன, ஒரு மின்பொறி, இரண்டும் ஒன்றாகிவிட்டன. மொத்த வேலையும் அரை மணிநேரம்கூட எடுக்கவில்லை. வேலையில் அவர் மிகுந்த கவனமாக இருந்தார். மழையில் அந்த வாரம் முழுவதும் பரந்தனுக்கும் முறிகண்டிக்கும் இடையில் ஓடித் திரிந்ததாகச் சொன்னார்; அவருக்கு நாங்கள் பிளேன்ரீ கொடுத்தோம். எனக்கிருக்கும் குறை, மூன்று நாள் என்று சொன்னவர்கள் பிந்துகிறது என்று ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பாததில்தான்.

இப்போது வகுப்பை வீட்டிலிருந்தே நடத்துகிறேன். மாமி மட்டும் வியாழக்கிழமைகளில் சந்திக்குப் போக வேண்டும் என்கிறார். பெரிய திரையில் மகன்வழிப் பேரப்பிள்ளை நன்றாகத் தெரிகிறதாம். போகிறவர்களுக்காக: காலை எட்டரை முதல் மாலை ஏழு வரை திறந்திருக்கும், ஞாயிறு முற்பகல் மட்டும். முற்பகலில் கடிதத்தோடு வருகிறவர்களின் கூட்டம். கணினி வேண்டுமென்றால் பிற்பகல் இரண்டரைக்குப் பிறகு போங்கள். வீதிக்கும் கடை வாசலுக்கும் நடுவில் உள்ள வாய்க்காலின் மேல் போட்டிருக்கும் பலகை மழையில் வழுக்குகிறது. மாமியை நானும் அந்த இளைஞரும் இரு பக்கமும் பிடித்துத்தான் ஏற்றினோம். அதை எடுத்துவிட்டு ஒரு கொங்கிறீற் தட்டுப் போடச் சொல்லியிருக்கிறேன். தைப்பொங்கலுக்கு முன் செய்துவிடுவதாகச் சொன்னார்.